தச்சர் தோமையாரும் தென்மேற்குப் பருவக்காற்றும்

சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை. இந்த மூணு இடத்துக்கும் பின்னாடி இருக்கிறது ஒரே ஆள்தான், இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான தோமையார். இயேசு உயிர்த்தெழுந்தார்னு மத்தவங்க சொன்னப்போ, காயத்தைத் தொட்டுப் பார்த்தாத்தான் நம்புவேன்னு நின்னவர். கலிலேயா பக்கத்து ஆள் மயிலாப்பூர் வரைக்கும் எப்படி வந்திருக்க முடியும்? அவரை மாதிரியே நாமும் ஆதாரம் கேட்போம்.

இவர் கதையை விரிவாச் சொல்ற பழைய நூல், தோமாவின் பணிகள். மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதினது. சீடர்கள் சீட்டுப் போட்டு நாடுகளைப் பிரிச்சுக்கிட்டாங்களாம். இவருக்கு விழுந்தது இந்தியா. போக மாட்டேன்னு அடம்பிடிச்சார். அப்போ கொண்டோபரஸ் ராஜாவுக்காகத் தச்சர் தேடி வந்த ஹப்பான் என்ற வியாபாரிகிட்ட இயேசுவே இவரை அடிமையா வித்துட்டார். ராஜா அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துட்டு, அரண்மனை சொர்க்கத்தில் ரெடின்னு இவர் கணக்குக் காட்டினார். (சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் சைட்டில் இதை முயற்சி பண்ண வேண்டாம்.)

இது வெறும் கட்டுக்கதைன்னுதான் ரொம்ப நாள் நினைச்சாங்க. 19-ஆம் நூற்றாண்டில் கொண்டோபரஸ் பேர் பொறிச்ச நாணயங்கள் வடமேற்கு இந்தியப் பகுதியில் கிடைச்சது. இப்போ பாகிஸ்தானில் இருக்கிற தக்த்-இ-பாஹி கல்வெட்டை வெச்சு, அவர் கி.பி. 46 வாக்கில் ஆட்சியில் இருந்தார்னு பொதுவா கணக்குப் போடறாங்க. இந்தியாவே மறந்துபோன ஒரு ராஜாவோட பேர் சிரியா பக்கம் தங்கியிருக்கு. வணிகப் பாதையில் மிளகும் பட்டும் மட்டும் போகலைன்னு இதுலயே தெரியுது.

கேரள மரபு வேற மாதிரி. கி.பி. 52-ல் கொடுங்கல்லூர் பக்கம், அதாவது பழைய முசிறித் துறைமுகம் பக்கம், வந்து இறங்கினார்னு சொல்லுது. அந்தக் காலத்துக்கு இது நடக்கவே முடியாத பயணம் இல்லை. எகிப்தில் ஜூலையில் கிளம்பினா தென்மேற்குப் பருவக்காற்று கப்பலை நேரா மலபாருக்குத் தள்ளிடும். செங்கடல் முனையில் இருந்து முசிறிக்கு 40 நாள்னு பிளினி எழுதியிருக்கார். ஒரே துறைமுகத்தில் இருந்து 120 கப்பல் வரை இந்தியாவுக்குக் கிளம்பினதா ஸ்ட்ராபோ சொல்றார். எல்லாம் மிளகுக்காக. அதுல ஒரு தச்சர் ஏறினா யார் கேட்கப் போறாங்க!

முசிறியில் இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக் கோவை, அங்கிருந்து கிழக்குக் கடற்கரை. கோவை வட்டாரத்தில் ரோமானிய நாணயம் குவியலாக் கிடைச்சதுக்குக் காரணமும் இந்தப் பாதைதான். கி.பி. 72-ல் மயிலாப்பூர் பக்கம் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பது மரபு. அவரோட எலும்புகள் எடெசா நகரத்துக்குப் போயிடுச்சுன்னு நாலாம் நூற்றாண்டிலேயே அங்கே நம்பிக்கை இருந்தது. இப்போ அது துருக்கியில் இருக்கு.

என்னைக் கேட்டா, கப்பல் இருந்ததுக்கு ஆதாரம் பலமா இருக்கு, பயணியோட டிக்கெட்தான் கிடைக்கலை. ஆனா அவரைத் தேடிக் கடல் வழியில் வந்தவங்களுக்கு ஆதாரம் இருக்கு. 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மார்க்கோ போலோ இந்தக் கல்லறையைப் பத்தி எழுதினார். வியாபாரிகள் அதிகம் வராத சின்ன ஊர், ஆனா கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை வர்றாங்கன்னு குறிப்பு. 1517-ல் மலாக்காவில் இருந்து வந்த போர்ச்சுகீசியர் சிலர் இறங்கினது எங்கே தெரியுமா? நம்ம ஆரணி ஆறு கடலைச் சேர்ற பக்கம் இருக்கிற பழவேற்காட்டில். கூட வந்த ஆர்மீனிய வியாபாரிதான் மயிலாப்பூர் கல்லறைக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போனார். வழி ஏற்கெனவே அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

1547-ல் பரங்கிமலையில் தேவாலயம் கட்டத் தோண்டினப்போ கல் சிலுவை ஒண்ணு கிடைச்சது. அதுல இருக்கிற எழுத்து தமிழும் இல்லை, லத்தீனும் இல்லை. பாரசீகத்தில் இருந்து வந்த பஹ்லவி. மலை மேல அந்தக் கோயில் பீடத்தில் இப்பவும் பார்க்கலாம்.