நோயாளியின் உணவு: ஃபுளாரன்ஸ் நைட்டிங்கேல் வாழ்வு தரும் பாடம்

தாமிரபரணிக் கரையூர்களில் காய்ச்சலில் படுத்தவருக்கு நொய்க்கஞ்சியோ உளுந்தங்கஞ்சியோ காய்ச்சிக் கொடுப்பது வழக்கம். அக்கஞ்சியில் எவ்வளவு நோயாளியின் வயிற்றுக்குள் சென்றது என்பதை நீங்கள் கவனிப்பதுண்டா? நவீன செவிலியத்தின் முன்னோடியான ஃபுளாரன்ஸ் நைட்டிங்கேல் (1820–1910) வற்புறுத்தியது இதையே.

போர்க்கால மருத்துவமனை

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 செவிலியருடன் அவர் துருக்கியிலுள்ள ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். அங்கே இறைச்சி எலும்புடன் எடைபோட்டுப் பங்கிடப்பட்டதால், சிலருக்குக் கிடைத்தது பெரும்பாலும் எலும்பே. அதுவும் சரிவர வேகாததால் நலிந்தோரால் உண்ண இயலவில்லை. எனவே அவர் தனிச் சமையலறை அமைத்து, எளிதில் செரிக்கும் உணவை வழங்கினார். 1855-இல் சமையற்கலைஞர் அலெக்சிஸ் சோயர் வந்து மருத்துவமனைச் சமையலைச் சீர்படுத்தினார்.

நூலில் சொன்னவை

நாடு திரும்பியபின் அவரே நெடுங்காலம் நோயுற்றிருந்தார். செவிலியம் பற்றி 1859-இல் அவர் எழுதிய நூலில் உணவுக்கு இரண்டு இயல்கள் உள்ளன. அக்காலத்தில் மாட்டிறைச்சிச் சாறு நோயாளிக்குப் பெருஞ்சத்து தரும் என்று நம்பப்பட்டது. அரை பைண்ட் (சுமார் 280 மி.லி.) சாற்றில் ஒரு தேக்கரண்டி அளவு திடச்சத்தும் அரிது என்று அவர் சுட்டிக்காட்டினார். உணவு இருந்தும், ஊட்டும் நேரத்தைக் கவனியாததால் நோயாளிகள் பட்டினியால் நலிவதையும் எடுத்துரைத்தார்.

அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. எனினும் இந்நாட்டின் சுகாதாரத்திற்காகப் பல்லாண்டுகள் உழைத்தார். 1876–78 பஞ்சத்தின்போது இந்திய மக்களின் துயர் குறித்தும் எழுதினார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல், சிறிது சிறிதாகக் குறித்த நேரத்தில் கொடுங்கள்.
• உண்ணாத உணவைப் படுக்கையருகே விட்டுவைக்காதீர்கள். நேரம் கழித்துப் புதிதாகக் கொடுங்கள்.
• உப்பிட்ட வடிகஞ்சி நீரிழப்பைக் குறைக்க உதவும். ஆனால் அது மட்டும் முழு உணவாகாது. நொய்யுடன் சிறுபயறு சேர்த்துக் குழைய வேகவைத்துக் கொடுங்கள்.
• வயிற்றுப்போக்கு இருந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) கொடுங்கள்.
• நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் கூறிய உணவையே கொடுங்கள்.
• மயக்கநிலையில் இருப்பவருக்கு வாய்வழி எதையும் புகட்டாதீர்கள். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

நோயாளி எவ்வளவு உண்டார், பருகினார் என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வரும்போது அதையும் கொண்டுவாருங்கள். சிகிச்சையை முடிவு செய்ய அது மருத்துவருக்கு உதவும்.