கைருன்னிஸா: மெட்ராஸில் கப்பலேறிய இரு குழந்தைகள், ஹைதராபாத்தில் தவித்த ஒரு தாய்

தார்நாகாவில் பஸ் ஏறினால், டிராஃபிக் ஒத்துழைத்தால் முக்கால் மணி நேரத்துக்குள் கோட்டி வந்துவிடும். அங்கே பெண்கள் பல்கலைக்கழக வளாகத்துக்குள் உயரமான தூண்களோடு ஒரு வெள்ளை மாளிகை நிற்கிறது. அதுதான் பழைய பிரிட்டிஷ் ரெசிடென்சி. அதன் பின்பக்கம் ஒரு காலத்தில் ‘ரங் மஹால்’ என்ற அந்தப்புரம் இருந்தது. அங்கே வாழ்ந்த கைருன்னிஸாவின் பிள்ளைகள் நான்கு வயதிலும் மூன்று வயதிலும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அதன்பின் அவர் அவர்களைப் பார்க்கவே இல்லை.

இந்தக் கதையில் மெட்ராஸுக்கும் பங்கு உண்டு.

யார் இந்த கைருன்னிஸா?

1786 வாக்கில் பிறந்தவர். ஹைதராபாத் பிரபுக் குடும்பம், சையது வம்சம். தாய் ஷரஃபுன்னிஸா. தாய்வழித் தாத்தா பாகர் அலி கான், நிஜாமின் அரசில் உயர் அதிகாரி. நிஜாமின் அரசவையில் பெரும் செல்வாக்கோடு இருந்த மீர் ஆலம் இவர்களுக்கு உறவினர்.

ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக் 1764-ல் மெட்ராஸில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்ட், அதாவது நிஜாமின் அரசவையில் கம்பெனியின் பிரதிநிதி. 1798-ல் நிஜாமோடு ஒப்பந்தம் போட்டு, ஹைதராபாத்தில் இருந்த பிரெஞ்சுப் படையைக் கலைக்க வைத்தவர் இவர்தான். உருது, பாரசீகம் பேசுவார். முகலாய உடை உடுத்துவார்.

1798 இறுதியில் கைருன்னிஸாவின் சகோதரி திருமணத்தின்போது இருவருக்கும் அறிமுகம் ஏற்பட்டது. கைருன்னிஸாவுக்கு வேறு இடத்தில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். ஆனால் கிர்க்பாட்ரிக் இஸ்லாமைத் தழுவி, முஸ்லிம் முறைப்படி அவரையே மணந்தார். அப்போது மணப்பெண்ணுக்கு 14 வயதுதான் இருக்கும். இன்றைய சட்டப்படி சிறுமி. இதைக் காதல் கதையாக மட்டும் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வயதைக் கடந்து போய்விடுவார்கள்.

ஏன் இது அரசியல் பிரச்சினை ஆனது?

ரெசிடெண்டின் விசுவாசம் கம்பெனிக்கா, மனைவியின் குடும்பத்துக்கா என்ற கேள்வி எழுந்தது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி விசாரிக்க வைத்தார். கிர்க்பாட்ரிக்கின் பதவி தப்பியது, ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது.

வங்காளத்தில் 1780-களில் பதிவான ஆங்கிலேயர் உயில்களில் சுமார் மூன்றில் ஒன்று இந்திய மனைவிக்கோ துணைவிக்கோ, அவர்களின் பிள்ளைகளுக்கோ சொத்து எழுதியது. 1805-1810 காலத்தில் இது நான்கில் ஒன்று. 1830-ல் ஆறில் ஒன்று. அந்த நூற்றாண்டின் நடுவில் கிட்டத்தட்ட இல்லை. உறவுகள் குறைந்தது ஒரு காரணம். இருந்த உறவையும் வெளியே சொல்ல முடியாத நிலை வந்தது இன்னொரு காரணம்.

பிள்ளைகளை ஏன் அனுப்பினார்கள்?

மகன் சாஹிப் ஆலம் 1801 மார்ச்சிலும், மகள் சாஹிப் பேகம் 1802 ஏப்ரலிலும் பிறந்தார்கள். இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்குக் கம்பெனியின் சிவில், ராணுவப் பணிகளில் இடமில்லை என்று 1791-லேயே உத்தரவு வந்திருந்தது. இங்கே இருந்தால் எதிர்காலம் இல்லை என்பது தந்தையின் கணக்கு. தாய்க்கு மனமில்லை. ஆனாலும் 1805-ல் மெட்ராஸிலிருந்து குழந்தைகள் கப்பலேறினார்கள். அதற்கு முன்பு அங்கேயே ஓவியர் ஜார்ஜ் சின்னரி இருவரையும் வரைந்தார், ஹைதராபாத் உடையில்.

அதே ஆண்டு அக்டோபர் 15-ல் கிர்க்பாட்ரிக் கல்கத்தாவில் இறந்தார். வயது 41. சில மாதங்களில் லண்டனில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. சாஹிப் ஆலம், வில்லியம் ஜார்ஜ் ஆனான். சாஹிப் பேகம், கேத்தரின் அரோரா ஆனாள். வீட்டில் கிட்டி. பழைய பெயர்கள் அத்தோடு போயின.

தாய்க்கு என்ன ஆனது?

1806-ல் கைருன்னிஸா தன் தாயோடு கல்கத்தாவுக்குப் பயணம் செய்தார். அங்கே, கணவரின் முன்னாள் உதவியாளர் ஹென்றி ரஸ்ஸலோடு உறவு ஏற்பட்டது. விஷயம் பரவியதும் மீர் ஆலம் அவரை ஹைதராபாத்துக்குத் திரும்ப விடவில்லை. மசூலிப்பட்டினத்தில், இன்றைய மச்சிலிப்பட்டினத்தில், தங்க வேண்டியதாயிற்று. ரஸ்ஸலோ 1808-ல் மெட்ராஸில் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். மீர் ஆலம் இறந்த பிறகே கைருன்னிஸா ஊர் திரும்ப முடிந்தது. 1813 செப்டம்பர் 22-ல் இறந்தார். வயது 27 இருக்கும். அப்போது ஹைதராபாத்தின் ரெசிடெண்ட் அதே ரஸ்ஸல்.

வம்சம் என்ன ஆனது?

வில்லியம் சிறுவயதில் கொதிநீரில் விழுந்து ஊனமுற்றார். 1828-ல் இறந்தார். மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள்.

கிட்டி பேரழகி என்று பெயரெடுத்தார். எழுத்தாளர் தாமஸ் கார்லைல் அவர் மேல் மனதைப் பறிகொடுத்தார். கார்லைலின் ‘சார்ட்டர் ரிசார்ட்டஸ்’ நூலில் வரும் ப்ளூமைன் பாத்திரத்துக்குக் கிட்டியே மாதிரி என்று பலர் கருதுகிறார்கள். 1829-ல் ராணுவ கேப்டன் ஜேம்ஸ் வின்ஸ்லோ பிலிப்ஸை மணந்தார். ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள், நால்வர் பிழைத்தார்கள்.

இந்தியாவோடு இருந்த தொடர்பு அறுந்தே போயிருக்கும். 1840-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ரஸ்ஸலின் வீட்டுக்குப் போன கிட்டி, சுவரில் தன் சிறுவயதுப் படத்தைப் பார்த்தார். சின்னரி வரைந்த அதே படம். பார்த்ததும் அழுதுவிட்டார். அதன் வழியாகத்தான் ஹைதராபாத்தில் பாட்டி ஷரஃபுன்னிஸா இன்னும் உயிரோடு இருப்பது தெரிந்தது. மூன்று வயதில் பிரிந்த பேத்திக்கு அப்போது நாற்பது வயது நெருக்கம். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, பேத்திக்குப் பாரசீகம் மறந்துபோச்சு. மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகச் சுமார் ஆறு ஆண்டுகள் கடிதம் போனது, வந்தது. நேரில் சந்திக்கவே இல்லை. பாட்டி 1847-ல் காலமானார். கிட்டி 1889-ல் இங்கிலாந்தின் டார்க்கியில் இறந்தார்.

இன்று என்ன மிச்சம்?

சின்னரியின் ஓவியம் ஹாங்காங்கில் ஒரு வங்கியின் சேகரிப்பில் இருக்கிறது. ரங் மஹாலை 1860-ல் அப்போதைய ரெசிடெண்ட் இடித்துவிட்டார். ரெசிடென்சியின் ஒரு சின்ன மாதிரிக் கட்டடம் தோட்டத்தில் மிஞ்சியது. பர்தாவில் இருந்த மனைவி மாளிகையின் முன்பக்கத்துக்கு வர முடியாததால் அவர் பார்ப்பதற்காகக் கணவர் கட்டியது என்பது ஊர் வழக்கு. வில்லியம் டால்ரிம்பிளின் ‘ஒயிட் முகல்ஸ்’ 2002-ல் வெளியான பிறகுதான் இந்தக் குடும்பம் உலகம் முழுக்கத் தெரியவந்தது.

ஆவணங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். கிர்க்பாட்ரிக்கும் ரஸ்ஸலும் கத்தை கத்தையாகக் கடிதங்களை விட்டுச் சென்றார்கள். கைருன்னிஸாவை நாம் பெரும்பாலும் அந்த ஆண்களின் எழுத்து வழியாகத்தான் அறிகிறோம். பிள்ளைகளை அனுப்பிய அன்று அவர் என்ன நினைத்தார் என்பதற்கு அவர் கையெழுத்தில் பக்கம் இல்லை. பாட்டியும் பேத்தியும் எழுதிக்கொண்ட கடிதங்களில்தான் அந்தக் குடும்பத்துப் பெண்களின் குரல் கொஞ்சமாவது கேட்கிறது.

அந்த மாளிகை 1949 முதல் பெண்கள் கல்லூரி, 2022 முதல் பெண்கள் பல்கலைக்கழகம். கைருன்னிஸா மணமாகி வந்த வயதைவிட மூன்று நான்கு வயது மூத்த பெண்கள் காலையில் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே உள்ளே போகிறார்கள்.