திராட்சை மதுவுக்கு வைத்தியம் பார்த்த பாஸ்டர்

பிரான்ஸ் நாட்டின் கிழக்குப் பக்கம், சுவிட்சர்லாந்து எல்லைக்கு அருகே, ஆர்புவா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் ஜூரா மலைச் சரிவு. சரிவு எங்கும் திராட்சைத் தோட்டம். அந்த ஊரில் வீட்டுக்கு அடியில் நிலவறை கட்டி, அதில் மதுப் பீப்பாய்களை அடுக்கி வைப்பார்கள். நம் ஊரில் குதிரில் நெல் இருப்பது போல, அங்கே நிலவறையில் மது இருக்கும்.

1864-ம் ஆண்டு. பாரிசில் இருந்து சிலர் அந்த ஊருக்கு வந்து இறங்கினார்கள். ஊர் முகப்பில் இருந்த ஒரு பழைய காப்பிக் கடையில் தங்கள் சாமான்களைப் பரப்பினார்கள். அதுதான் அவர்களது ஆராய்ச்சிக் கூடம்! வேண்டிய கருவிகளை உள்ளூர்த் தச்சரும் தகர வேலைக்காரரும் செய்து கொடுத்தார்கள். அவை பார்ப்பதற்கு விகாரமாக இருந்தன. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

வந்தவர்களின் தலைவர் அந்த ஊருக்குப் புதியவர் அல்ல. அங்கே தோல் பதனிட்டு வந்தவரின் மகன். பெயர் லூயி பாஸ்டர். அப்போது வயது 41.

ஊர் ஏக்கம்

பாஸ்டர் பிறந்தது 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி, தோல் என்ற ஊரில். தந்தை, நெப்போலியன் படையில் போர் வீரராக இருந்தவர். பிறகு தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தார். லூயி சிறுவனாக இருந்தபோதே குடும்பம் ஆர்புவாவுக்குக் குடி வந்தது.

15 வயதில் அவனைப் பாரிசுக்குப் படிக்க அனுப்பினார்கள். துணைக்கு ஜூல் வெர்செல் என்ற பள்ளித் தோழனும் போனான். ஆனால் லூயிக்குப் பட்டணம் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் நினைவு வாட்டியது. தோல் கிடங்கின் வாடை மூக்கில் பட்டால் போதும், உடம்பு தேறிவிடும் என்று புலம்பினான். தந்தையே பாரிசுக்குப் போய் மகனை அழைத்து வந்தார். பின்னர் உலகமே கொண்டாடிய மேதை, முதல் முறை படிப்பை விட்டு ஓடி வந்தவர்தான்!

அப்புறம் அவர் நன்றாகப் படித்தார். பாரிசில் பட்டம் பெற்றார். மதுப் பீப்பாயின் உட்புறத்தில் உப்பு போலப் படியும் பொருளை ஆராய்ந்து, 1848-ல், 25 வயதிலேயே, விஞ்ஞானிகள் இடையே பெயர் வாங்கினார். பால் புளிப்பதும் சர்க்கரை மதுவாக மாறுவதும் தாமாக நடப்பவை அல்ல, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செய்யும் வேலை என்று அடுத்த சில ஆண்டுகளில் சொன்னார். பலர் நம்பவில்லை.

இதற்கிடையே அவருக்கு ஒரு பெரிய துயரம் நேர்ந்தது. 1859-ல், ஆர்புவாவில் தாத்தா வீட்டுக்குப் போயிருந்த மூத்த மகள் ஜான், டைபாய்டு காய்ச்சலில் இறந்து போனாள். அவளுக்கு வயது 9. அந்தக் காய்ச்சல் எதனால் வருகிறது என்று அன்றைக்கு எந்த வைத்தியருக்கும் தெரியாது.

மதுவுக்கும் நோய்

மதுவும் நோய்ப்படும். சில சமயம் புளித்துக் காடியாகும். சில சமயம் எண்ணெய் போலக் கொழகொழவென்று ஆகும். பர்கண்டி வட்டாரத்து உயர்ந்த மது, பல ஆண்டு வைத்திருந்த பிறகு கசந்து போகும். 1860-ல் இங்கிலாந்தோடு பிரான்ஸ் வர்த்தக ஒப்பந்தம் செய்தது. வெளிநாட்டு வியாபாரம் பெருகும் வேளையில், போகும் வழியிலேயே சரக்கு கெட்டால் என்ன செய்வது? தோட்டக்காரன் ஆண்டு முழுவதும் பாடுபட்டது வீணாகிவிடும். 1863-ல் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் இந்தப் பொறுப்பைப் பாஸ்டரிடம் ஒப்படைத்தார்.

பாஸ்டர் தேர்ந்தெடுத்த இடம் ஆர்புவா. சொந்த ஊர். நிலவறை வைத்திருந்த பால்ய நண்பர்கள் அங்கே இருந்தார்கள். கூட வந்தவர்கள் துய்க்ளோ, ஜெர்னே, லெஷார்த்தியே முதலிய பழைய மாணவர்கள். ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஆகும் செலவைத் தானே ஏற்பதாக நகரசபை முன்வந்தது. பாஸ்டர் நன்றி சொல்லி மறுத்துவிட்டார்.

நிலவறை நிலவறையாகப் போனார்கள். பீப்பாயில் இருந்து கொஞ்சம் மது எடுப்பார்கள். ருசி பார்ப்பதில் கைதேர்ந்தவர் வாயில் ஊற்றிப் பார்ப்பார். பாஸ்டரோ, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டுப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். பாசிமணி கோத்தது போல ஓர் உயிர் தெரிந்தால், கொழகொழத்த மது. முறுக்கிய கிளைகள் போலத் தெரிந்தால், கசந்த மது. நாக்கில் வைக்காமலே அவர் நோயைச் சொல்லிவிடுவார். ருசி பார்த்தவரும் அதையே சொல்வார். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு தனிக் கிருமி உண்டு என்பது இப்படித் தெளிவாயிற்று.

நோய் தெரிந்தது. மருந்து?

மருந்துச் சரக்குகளை மதுவில் கலந்து பார்த்தார். பலன் இல்லை. பிறகு மூடிய பாட்டில்களை வெந்நீரில் வைத்துச் சூடாக்கினார். கொதிக்க வைக்கவில்லை. 50 முதல் 60 டிகிரி வரைதான். அதிலேயே கிருமிகள் செத்தன. மது கெடவில்லை. மதுவைச் சூடாக்கும் யோசனை தங்களுடையது என்று உரிமை கொண்டாடியவர்களும் உண்டு. வெகு காலத்துக்கு முன்பே அப்பேர் என்பவர் அதைச் செய்து பார்த்திருக்கிறார் என்று பாஸ்டரே எழுதினார். ஆனால் ஏன் சூடாக்க வேண்டும் என்று காரணம் காட்டியவர் பாஸ்டர்தான். 1865-ல் இந்த முறைக்கு உரிமைப் பட்டயம் வாங்கினார். பிறகு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். அதில் அவர் பணம் பண்ணவில்லை.

ஏமாந்த நாக்கு

சூடாக்கினால் ருசி போய்விடும் என்று வியாபாரிகள் பயந்தார்கள். 1865-ல் பாரிஸ் மது வியாபாரிகளின் குழு ஒன்று பாஸ்டரின் கல்லூரிக்கு வந்து ருசி பார்த்தது. சூடாக்கியதற்கும் சூடாக்காததற்கும் ஏதோ சிறிய வித்தியாசம் இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். பாஸ்டருக்குச் சந்தேகம் தட்டியது. ஒரே பாட்டிலில் இருந்து இரண்டு கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தார். அதிலும் வித்தியாசம் கண்டுபிடித்தார்கள்! மனம் நினைத்ததை நாக்கு சொல்லியது, அவ்வளவுதான்.

கடற்படையும் சோதித்தது. பாதி சூடாக்கியது, பாதி சூடாக்காதது என்று கப்பலில் ஏற்றினார்கள். 10 மாதம் கழித்துக் கப்பல் திரும்பியது. சூடாக்கிய மது தெளிவாக இருந்தது. மற்றது புளிக்கத் தொடங்கி இருந்தது.

இந்த வெற்றிகள் வந்த ஆண்டுகளில் அவர் வீட்டில் சாவு மேல் சாவு விழுந்தது. 1865 ஜூன் மாதம் தந்தை காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் 2 வயதுக் குழந்தை கமீல் இறந்தாள். 1866 மே மாதம் 12 வயது சிசில், அக்காளைப் போலவே, டைபாய்டுக்குப் பலியானாள். மதுவின் நோயைக் கண்டு சொன்ன தந்தையால் மகளின் நோயைத் தடுக்க முடியவில்லை. 1868-ல் அவருக்கே பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் பழைய நிலைக்கு வரவில்லை.

பஞ்சு சுற்றிய குலைகள்

ஆனாலும் அவர் ஆர்புவாவை விடவில்லை. 1878-ல் அவருடைய நண்பரான கிளாட் பெர்னார் என்ற பெரிய விஞ்ஞானி மறைந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகள், பாஸ்டரின் கொள்கைக்கு மாறாக இருந்தன. பாஸ்டர் வாய்ச்சண்டை போடவில்லை. ஆர்புவா அருகே தமக்கு இருந்த திராட்சைத் தோட்டத்துக்குப் போனார். காய் பழுக்கும் முன்பே சில கொடிகளைக் கண்ணாடிக் கூண்டால் மூடினார். குலைகளுக்குப் பஞ்சு சுற்றினார். வெளியே பழுத்த பழச்சாறு நுரைத்து மதுவாயிற்று. கூண்டுக்குள் பழுத்தது சாறாகவே இருந்தது. மதுவை உண்டாக்கும் உயிரும் வெளியே இருந்துதான் வருகிறது!

அந்தக் குலைகளை ரயிலில் பாரிசுக்குக் கொண்டு போனார்கள். பாஸ்டரின் மனைவியும் மகளும் கொடிகளை நிமிர்த்திப் பிடித்தபடியே பிரயாணம் செய்தார்கள்.

கிருமி வெளியே இருந்து வருகிறது என்றால், அதை வராமல் தடுக்கலாம் அல்லவா? அந்த வழியில் ஆட்டுக்கும் கோழிக்கும் தடுப்பு மருந்து வந்தது. 1885-ல் வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவன் பிழைத்தான். பாலைச் சூடாக்கிக் காக்கும் முறைக்கு, மற்றவர்கள் பாஸ்டரின் பெயரையே வைத்தார்கள். பால் பாக்கெட்டில் இன்றும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். வெறிநாய்க்கடி வைத்தியத்துக்காக 1907-ல் குன்னூரில் தொடங்கிய நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

1895-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி பாஸ்டர் காலமானார். பாரிசில் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தின் அடியில், நிலவறை போன்ற ஒரு மண்டபத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அங்கே சுவரிலும் வளைவிலும் வண்ணக் கற்களைப் பதித்துச் சித்திரம் செய்திருக்கிறார்கள். ஆடு இருக்கிறது, கோழி இருக்கிறது, நாய் இருக்கிறது. திராட்சைக் கொடியும் இருக்கிறது.