ஊக்கங் குன்றா உள்ளத்தார் மைக்கேல் பரடே

குலமும் செல்வமும் கல்வியும் ஒருங்கே வாய்க்கப் பெற்றோர் உயர்நிலை எய்துதல் பெருவியப்பன்று. இவற்றுள் ஒன்றும் இல்லாதாரொருவர், தாம் தெய்வமெனப் போற்றிய அறிஞரே வேண்டாமென்று விலக்கிய வழியிற் சென்று அவ்வறிஞரினும் மேலாய புகழெய்தினார் எனின், அவர் வரலாறு மாணாக்கர் யாவரும் அறியத்தக்கதன்றோ? அத்தகைய பெரியார் மைக்கேல் பரடே என்பார்.

இவர் 1791 ஆம் ஆண்டு செப்டெம்பர் 22 ஆந் திகதி, இலண்டன் மாநகரை அடுத்த நியூவிங்டன் என்னுமிடத்தில், வறிய கொல்லர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்குமே இவர் பள்ளியிற் பெற்ற கல்வி. பதின்மூன்றாம் வயதில் றீபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவலாளாகச் சேர்ந்து, 1805 இல் புத்தகங் கட்டுந் தொழில் பயிலத் தொடங்கினார். பிறர் படித்தற்காகக் கட்டிய நூல்களைத் தாமும் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம்பற்றி வந்த கட்டுரையும், மார்செற் அம்மையார் எழுதிய இரசாயன நூலும் இவருள்ளத்தைக் கவர்ந்தன. கையிற் கிடைத்த சில்லறைக் காசுகொண்டு சிறு பரிசோதனைகள் செய்து பார்த்தார்.

1812 இல், கடைக்கு வந்துபோகும் அன்பரொருவர் அளித்த அனுமதிச் சீட்டினால், றோயல் நிறுவகத்திற் சேர் ஹம்பிரி டேவி நிகழ்த்திய நான்கு விரிவுரைகளைக் கேட்கும் பேறு வாய்த்தது. கேட்டவற்றையெல்லாம் விரித்தெழுதிப் படமும் வரைந்து தம் கையாலேயே அழகிய நூலாகக் கட்டினார். எத்துணைச் சிறிய பணியாயினும் விஞ்ஞானத் துறையில் வேண்டுமென றோயல் சங்கத் தலைவருக்கு எழுதினார், மறுமொழி வரவில்லை. பின்னர் அந்நூலை டேவிக்கே அனுப்பினார். டேவி அன்புடன் அழைத்துப் பேசினாராயினும், விஞ்ஞானம் உழைப்பு மிகுதியும் ஊதியக் குறைவும் உடையதென்றும், கைத்தொழிலை விடாதிருத்தலே நன்றென்றும் அறிவுரை கூறி அனுப்பிவிட்டார்.

அது பகைமையால் எழுந்த சொல்லன்று. உலகியலறிந்த பெரியார் ஒருவரின் எச்சரிக்கையே. எனினும், பகைவர் இகழ்ச்சியினும் மதிப்புக்குரியார் மறுப்பே இளைஞர் உள்ளத்தை மிகுதியும் வாட்டும். பரடே வாடினாரல்லர். சின்னாளில் ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் பணிநீக்கப்பட, டேவியின் நினைவுக்கு வந்தவர் அந்நூலைக் கட்டிய இளைஞரே. 1813 மார்ச்சு 1 ஆந் திகதி, வாரம் 25 சிலிங் சம்பளத்திற் பரடே நியமனம் பெற்றார்.

தடைகள் அத்துடன் ஒழிந்தில. அவ்வாண்டே டேவியுடன் ஐரோப்பியப் பயணம் சென்றபோது, டேவியின் மனைவியார் இவரை ஏவலாளாகவே நடத்தினார். திரும்பிவிட எண்ணியும், கற்பதற்குள்ள வாய்ப்பை இழக்க மனமின்றிப் பொறுத்துக்கொண்டார். 1821 இல் மின்னோட்டத்தால் இடையறாச் சுழற்சியை உண்டாக்கிக் காட்டியபொழுது, பிறர் கருத்தைக் கவர்ந்தார் என்ற பழி எழுந்தது. 1824 இல் றோயல் சங்கத்தில் இவரைச் சேர்த்தற்குத் தடை கூறியவர், அப்போது அதன் தலைவராயிருந்த டேவியே! ஆயினும் பரடே தெரிவு செய்யப்பட்டார். இதன் பின்னரும் தமக்கு வழி திறந்த டேவியை அவர் நன்றியுடனேயே நினைவுகூர்ந்தார்.

1831 ஓகஸ்ட் 29 ஆந் திகதி, இரும்பு வளையமொன்றில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றி, மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். நீர்வீழ்ச்சியின் வலிமையை மின்சாரமாக்கும் பொறிகள் யாவும் இத்தத்துவத்தின் வழிவந்தனவே. உயர்கணிதம் அறியாமை இவருக்கொரு குறையாயிற்று. ஆயினும், விசைக்கோடுகள் என இவர் மனக்கண்ணாற் கண்டவற்றுக்குப் பின்னாளில் மக்சுவெல் கணித வடிவம் அமைத்தார். றோயல் சங்கத் தலைமைப் பதவி தேடி வந்தபோதும் அதனை ஏற்காது, 1867 ஓகஸ்ட் 25 ஆந் திகதி அமைதியாக உயிர்நீத்தார்.

மாணவர்காள்! மறுக்கப்பட்டபோது பரடே வாதிட்டாரல்லர்; தாம் செய்து முடித்த வேலையைச் சான்றாக வைத்தார். வாயில் திறந்தபோது உட்புகுதற்கு ஆயத்தமாயிருந்தார். வெறுங்கனவு மட்டும் அவரிடம் இருந்திருப்பின், டேவி அவரை நினைத்திருப்பாரா? ஆசிரியரும் பெற்றோருமாகிய நாமும் ஒன்று சிந்தித்தல் தகும். நம்முன் வந்து நிற்கும் ஏழைச் சிறுவன் நாளை என்னாவான் என்பதை யாரறிவார்? அவனுக்கு எச்சரிக்கை கூறுதல் நம் கடன். கதவை முற்றாக அடைத்துவிடாதிருத்தல் அதனினும் பெருங்கடன்.