மார்ஷல் நேசமணியும் நமது ஏல மலையும்

சட்டசபையில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காமற் போனால், கூட்டு மந்திரிசபை என்ற பேச்சு உடனே கிளம்பிவிடுகிறது. யார் யாரோடு சேரலாம், யாருக்கு எத்தனை மந்திரி ஸ்தானம் என்ற கணக்குகள் தலைநகரத்து விடுதிகளிலே போடப்படுகின்றன. அந்தக் கணக்கின் பலனை அனுபவிக்கப் போகிறவர்களோ தலைநகரத்தையே கண்டறியாத கிராமவாசிகள். போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் முதலிய மலையடிவார கிராமத்தார்களுக்கு இந்த உண்மையை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1952 முதல் 1956 வரை திருவனந்தபுரத்தில் மந்திரிசபைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. அந்த நான்கு ஆண்டுகளிலேதான், அவர்கள் ஏறிச் சென்று உழைக்கும் ஏல மலை எந்த ராஜ்யத்தைச் சேர்ந்தது என்பதும் முடிவாயிற்று. அக்காலத்துக் குழப்பங்களின் நடுவே நின்று, கையிலிருந்த சொற்ப ஸ்தானங்களைக் கொண்டு ஒரே ஒரு காரியத்தைச் சாதிக்க முயன்றவர் மார்ஷல் நேசமணி. அவருடைய வாழ்க்கையை மலையின் கீழ்ப்புறத்தில் நின்று நோக்குவது பொருத்தமாகும் என்று கருதுகிறோம்.

ஸ்ரீ நேசமணி 1895-ம் வருஷத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் விளவங்கோடு தாலுகாவிலுள்ள பள்ளியாடி என்ற ஊரில் பிறந்தவர். அந்தச் சமஸ்தானத்தின் தென்கோடி முழுவதும் தமிழ் வழங்கும் பூமி. ஆயினும் அரண்மனையின் பாஷை வேறு, அதிகார வர்க்கத்தின் பாஷை வேறு. அதற்கு மேல் ஜாதிக் கொடுமை. சட்டம் பயின்ற நேசமணி 1921-ல் நாகர்கோவில் கோர்ட்டில் வக்கீலாகச் சேர்ந்தபோது, மேல் ஜாதி வக்கீல்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போடப்பட்டிருப்பதைக் கண்டார். அவர் அந்த முக்காலியைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் அமர்ந்தார் என்பது குமரி நாட்டில் இன்றளவும் சொல்லப்படும் செய்தி. பிற்காலத்தில் அவர் செய்த அரசியலின் வித்து அந்தச் சம்பவத்திலேயே இருக்கிறது. தனக்கென்று ஒதுக்கப்பட்ட தாழ்ந்த ஆசனத்தை ஏற்றுக்கொண்டு, பிறகு அதை உயர்த்தித் தரும்படி விண்ணப்பம் செய்துகொள்ளும் வழக்கம் அவரிடம் இருந்ததில்லை.

வக்கீல் தொழிலில் பெரும் பெயர் எடுத்து, நாகர்கோவில் நகரசபைத் தலைமையும் வகித்த பிறகு, 1947-ல் அவர் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸில் சேர்ந்தார். அக்கட்சி அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பு, 1945 டிசம்பரில், நாகர்கோவிலில் வேறொரு பெயரில் தோன்றியது. சமஸ்தானத்திலுள்ள தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு இணைப்பதே அதன் கோரிக்கையாயிற்று. 1947-ல் திவான் ஸர் ஸி. பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூரைத் தனிச் சுதந்திர நாடாக்க முயன்ற காலம் அது. அத்தகைய வேளையில் எல்லையை மாற்றக் கேட்பது எவ்வளவு துணிகரமான செய்கை என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1948-ல் நடந்த தேர்தலில் அக்கட்சி 14 ஸ்தானங்களைக் கைப்பற்றியது. அந்தத் தேர்தல் காலத்திலேயே போலீஸார் சுட்டதில் தேவசகாயம், செல்லையன் என்ற இருவர் உயிரிழந்தனர்.

1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக்கப்பட்டன. அதனால் தமிழர்களின் விகிதம் முன்னிலும் குறைந்தது. ஆனால் ஜனநாயகத்தில் எண்ணிக்கை குறைவு எப்பொழுதுமே பலக்குறைவாகிவிடுவதில்லை. இரண்டு பெரிய கட்சிகள் சமமாக நிற்கும்போது, நடுவிலே நிற்கும் சிறு கட்சியின் பக்கமே தராசு சாயும். 1952-ம் வருஷத்துப் பொதுத் தேர்தலில் 108 ஸ்தானங்கள் கொண்ட சட்டசபையில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 44. தமிழ்நாடு காங்கிரஸுக்குக் கிடைத்தவை 8. நேசமணி நாகர்கோவில் தொகுதியிலிருந்து லோக்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஸ்ரீ ஏ. ஜே. ஜான் தலைமையில் அமைந்த காங்கிரஸ் மந்திரிசபை இந்த எட்டுப் பேரின் ஆதரவையும் நம்பியே ஆட்சி நடத்தியது. தமிழ்த் தாலுகாக்களைப் பற்றிய கோரிக்கை ஈடேறும் வழி காணாமற் போகவே, 1953 செப்டம்பரில் அந்த ஆதரவு வாபஸ் பெறப்பட்டது. மந்திரிசபை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்று, சட்டசபையும் கலைக்கப்பட்டது.

அதே சமயத்தில் சென்னையில் நடந்ததையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1952-ல் சென்னைச் சட்டசபையின் 375 ஸ்தானங்களில் காங்கிரஸ் பெற்றவை 152 மட்டுமே. ஸ்ரீ பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகளின் கூட்டணி ஒன்று ஆட்சியமைக்க உரிமை கோரியது. ராஜாஜி வரவழைக்கப்பட்டு, சிறு கட்சிகளின் ஆதரவைத் திரட்டி மந்திரிசபை அமைத்தார். காமன்வீல் கட்சியின் ஸ்ரீ மாணிக்கவேலு நாயக்கர் அப்பொழுதே மந்திரியானார். உழைப்பாளர் கட்சியின் ஸ்ரீ ராமசாமிப் படையாச்சியார் 1954-ல் காமராஜரின் மந்திரிசபையில் இடம்பெற்றார். அவர்கள் தங்கள் ஜனங்களுக்கு நன்மை தேடவே அவ்வாறு செய்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் ஆதரவுக்கு விலையாக ஆசனம் பெறுவது ஒரு வழி. கொள்கை ஒன்றைப் பெற முயல்வது மற்றொரு வழி. நேசமணி இரண்டாவது வழியை மேற்கொண்டவர். அவர் தமது வாழ்நாளில் எந்த மந்திரிசபையிலும் அமர்ந்ததில்லை.

1954 பிப்ரவரியில் திருவிதாங்கூர்-கொச்சியில் மறுபடியும் தேர்தல் நடந்தது. 117 ஸ்தானங்களில் காங்கிரஸுக்கு 45, கம்யூனிஸ்டுகளுக்கு 23, பிரஜா சோஷலிஸ்டுகளுக்கு 19, தமிழ்நாடு காங்கிரஸுக்கு 12, புரட்சி சோஷலிஸ்டுகளுக்கு 9. தேர்தலில் ஒத்துழைத்த இடதுசாரிக் கட்சிகள் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் 51 பேர். பெரும்பான்மைக்கு 59 பேர் வேண்டும். அவர்களோடு தமிழ்நாடு காங்கிரஸ் சேர்ந்தால் 63. காங்கிரஸோடு அது சேர்ந்தாலோ 57 தான். கம்யூனிஸ்டுகள் பங்குகொள்ளும் கூட்டு மந்திரிசபை வந்துவிடுமோ என்ற பயத்தால், காங்கிரஸ் தனது 45 பேரின் ஆதரவை 19 பேர் கொண்ட பிரஜா சோஷலிஸ்டு கட்சிக்குக் கொடுத்தது. ஸ்ரீ பட்டம் தாணுபிள்ளை மார்ச் மாதத்தில் முதல் மந்திரியானார். இந்த விசித்திரமான ஏற்பாட்டினால் தமிழர்களின் 12 வோட்டுக்கு மதிப்பில்லாமற் போய்விட்டது.

சட்டசபைக் கதவு அடைபட்டபோது நேசமணி மலைக்கு வந்தார். இங்கேதான் அவருடைய சரித்திரம் நமது சரித்திரத்தோடு சேருகிறது. தேவிகுளம், பீர்மேடு என்னும் இரண்டு தாலுகாக்களும் போடிக்கும் கம்பத்துக்கும் நேர் மேலே உள்ளவை. மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கிப் போடி வந்து சேர்ந்த காலம் ஒன்றுண்டு. மலையில் விளையும் ஏலக்காய்க்குப் போடி பெரிய சந்தை. தேவிகுளத்தில் தமிழர்களே தெளிவான பெரும்பான்மையினர். மதுரைச் சீமையைச் செழிக்கச் செய்யும் பெரியாற்று அணையும், 1886-ல் 999 வருஷக் குத்தகைக்குப் பெற்ற அதன் நிலமும் பீர்மேட்டுப் பக்கத்தில் உள்ளவை. ஆகவே அந்தத் தாலுகாக்களின் விதி என்னவாகும் என்பது அடிவாரத்தாருக்கு வயிற்றுப் பிரச்னையாகவும் தண்ணீர்ப் பிரச்னையாகவும் இருந்தது. தேவிகுளத்துத் தமிழர்கள் தமிழ்நாடு காங்கிரஸுக்கு வோட்டளித்து வெற்றி கொடுத்ததன் காரணமும் இதுவே. 1954 ஜூலையில் நேசமணி, ஸ்ரீ அப்துல் ரசாக், ஸ்ரீ சிதம்பரநாத நாடார் ஆகிய மூவரும் தடையுத்தரவை மீறி மூணாற்றில் கைதானார்கள். தெற்குக் கடலோரத்துத் தலைவர் ஒருவர் தோட்டத் தொழிலாளர்களுக்காக மலையேறி வந்து சிறைப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது.

அதன் பிறகு 1954 ஆகஸ்டு 11-ந்தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் கிளர்ச்சிக்காரர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்து பலரைக் கொன்றனர். சோஷலிஸ்டு ராஜ்யத்திலே ஏழைகள்மீது குண்டு பாய்வதா என்று தேசமெங்கும் கேள்வி எழுந்தது. பிரஜா சோஷலிஸ்டு கட்சியின் பொதுக் காரியதரிசியாக இருந்த டாக்டர் லோஹியா, தமது கட்சி மந்திரிசபையே ராஜிநாமாச் செய்யவேண்டுமென்றார். கட்சி அதைக் கேட்கவில்லை. அவருக்கும் கட்சிக்கும் பிளவு உண்டாயிற்று. 1955 பிப்ரவரியில் காங்கிரஸும் தமிழ்நாடு காங்கிரஸும் எதிர்த்து வோட்டளிக்கவே பட்டம் மந்திரிசபை வீழ்ந்தது. அடுத்து ஸ்ரீ பனம்பிள்ளி கோவிந்த மேனோன் தமிழ்நாடு காங்கிரஸின் ஆதரவோடு மந்திரிசபை அமைத்தார். அதுவும் 1956 மார்ச்சில் பெரும்பான்மையிழந்து வெளியேறியது. ஜனாதிபதி ஆட்சி வந்தது. நான்கே வருஷங்களில் மூன்று மந்திரிசபைகள்!

இந்த அமளிக்கிடையே ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் 1955 செப்டம்பரில் தனது அறிக்கையைக் கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய தாலுகாக்களைச் சென்னைக்குக் கொடுக்கலாம் என்றது. தேவிகுளமும் பீர்மேடும் மட்டும் மறுக்கப்பட்டன. அங்கேயுள்ள தமிழர்களில் பெரும்பாலோர் தோட்டங்களில் வேலைக்காக வந்து போகிறவர்கள். நிலையான குடிகள் அல்லர் என்பது கூறப்பட்ட காரணங்களுள் முக்கியமானது. நேசமணி லோக்சபையில் அந்தத் தாலுகாக்களுக்காகவும் வாதாடினார். பயனில்லை. 1956 நவம்பர் 1-ந்தேதி கன்னியாகுமரி ஜில்லா பிறந்தது. செங்கோட்டையின் ஒரு பகுதியும் நம்மோடு சேர்ந்தது. நமது மலை கேரளத்தோடு நின்றது.

நேசமணியைப் பற்றி அடிவாரத்தில் இரண்டு வகையான அபிப்பிராயங்கள் உண்டு. தெற்கு கிடைத்ததும் மலையைக் கைவிட்டார்கள் என்று மனக்கசப்புடன் பேசுவோர் ஒரு சாரார். சிறு கட்சி ஒன்றினால் அதற்குமேல் என்ன செய்ய முடியும் என்று கேட்போர் மற்றொரு சாரார். நாம் பின்னவர்களோடு உடன்படுகிறோம். ஆனால் அத்துடன் நிறுத்திக்கொள்ள மாட்டோம். தராசின் முள்ளைக் கையில் பிடித்திருந்த பன்னிரண்டு பேருக்குத் திருவனந்தபுரத்து மந்திரிசபையைக் கவிழ்க்கும் வலிமை இருந்தது. டில்லியை அசைக்கும் வலிமை இல்லை. அந்த வலிமை சென்னையிலே, சொந்தப் பெரும்பான்மையோடு ஆட்சி செய்தவர்களிடம் இருந்திருக்கவேண்டும். குமரிக்காகக் காட்டிய உறுதியை மலைக்காகவும் அவர்கள் காட்டினார்களா என்பதே அடிவாரத்தாரின் மனத்தில் இன்றும் தீராத கேள்வி. காங்கிரஸின்பால் நமக்குள்ள மதிப்பு இந்தக் கேள்வியை மறைக்கும்படி நம்மைச் செய்யாது.

இன்னொன்றும் உண்டு. பட்டம் ஆட்சிக் காலத்திலே மலைமீது நிலம் கொடுத்துக் குடியேற்றும் திட்டம் ஆரம்பமாயிற்று. பட்டம் காலனி என்ற பெயர் அதன் நினைவாக அங்கே நிலைத்திருக்கிறது. பஞ்ச காலத்தில் நிலம் பெற்ற ஏழை விவசாயிகளை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவனுக்கு நிலம் கொடுத்து அவனை நிலையான குடி என்பதும், தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் கூலி செய்தவனை வந்துபோகிறவன் என்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள் செய்த வேலை என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. வீடும் பட்டாவும் இல்லாதவனுடைய பாஷை எல்லைக் கணக்கில் ஏறாது என்ற கசப்பான பாடத்தை 1956 நமக்குக் கற்பித்தது.

எல்லை கிடைத்த பிறகு நேசமணியின் கட்சி காங்கிரஸில் கலந்துவிட்டது. வந்த காரியம் முடிந்தபின் கட்சியை ஒரு வியாபாரமாக வைத்துக்கொண்டிராமல் கலைத்துவிடுவது நம் நாட்டில் அபூர்வமான குணம். 1957-ல் சென்னைச் சட்டசபைக்கும், 1962-லும் 1967-லும் நாகர்கோவிலிலிருந்து லோக்சபைக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1967-ல் தமிழ்நாட்டில் காங்கிரஸ் படுதோல்வியடைந்த காலத்திலும் அவருடைய தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1968 ஜூன் 1-ந்தேதி அவர் காலமானார். அதனால் ஏற்பட்ட இடைத்தேர்தலில், 1969-ல், காமராஜரே அங்கு நின்று வெற்றி பெற்றார்.

இன்றும் பொழுது விடியுமுன் அடிவார கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறுகிறார்கள். மாலையில் ஏலக்காய் மணம் வீசும் கைகளோடு இறங்குகிறார்கள். 2011 டிசம்பரில் பெரியாற்று அணைத் தகராறு முற்றியபோது மலைப் பாதைகள் அடைபட்டன. அன்றன்று கூலி வாங்கி அடுப்பெரிப்பவர்கள் திண்டாடினார்கள். மேலே ஒரு ராஜ்யம், கீழே ஒரு ராஜ்யம். இரண்டிலும் இவர்கள் வந்துபோகிறவர்களே. எல்லையை இனித் திருத்த வேண்டுமென்று நாம் கூறவில்லை. மலையில் வாழும் மலையாளிச் சகோதரர்களும் நம்மைப்போல் பாடுபடுகிறவர்களே. ஆனால் பெரும்பான்மையில்லாத சட்டசபைகள் இனியும் ஏற்படும். கூட்டு மந்திரிசபைப் பேச்சும் இனியும் கிளம்பும். அப்பொழுது நமது பிரதிநிதிகள் பேரம் பேசப் போகும் அறைக்குள், இந்த ஜீப்பில் ஏறுகிறவர்களின் கூலி, பிரயாணப் பாதுகாப்பு, வீட்டு மனை ஆகியவற்றைக் கோரிக்கையாக எடுத்துச் செல்வார்களா? முக்காலியை உதைத்துத் தள்ளியவருடைய வாழ்க்கையைப் போற்றுகிறவர்கள் அந்தக் கேள்வியைத் தேர்தலுக்கு முன்பே, நம் ஊர்த் திடலிலேயே, அவர்களிடம் கேட்டுவிடவேண்டும்.