மூச்சுத் திணறலோடு வாழ்ந்த புனித பெர்னதெத்

லூர்து என்றதும் நம் நினைவுக்கு வருவது கெபியும், ஊற்றும், மெழுகுதிரிகளும், சக்கர நாற்காலிகளில் வரிசையாக வரும் நோயாளிகளும்தான். அந்த ஊற்றைத் தம் கையால் மண்ணைத் தோண்டி உலகுக்குக் காட்டிய சிறுமி பதினோரு வயதிலிருந்து சாகும்வரை ஆஸ்துமா நோயாளியாகவே இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. வயிறும் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. காட்சிகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நாம் இங்கே அவருடைய மூச்சையும் உணவையும் படுக்கையையும் பற்றிப் பார்ப்போம்.

பெர்னதெத் சூபிரு 1844, ஜனவரி 7ஆம் நாள் பிரான்ஸ் நாட்டின் தெற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள லூர்து நகரில் பிறந்தார். தந்தை பிரான்சுவா மாவு ஆலை நடத்தியவர். தாய் லூயிஸ். நல்ல மனிதர்கள், ஆனால் கணக்குப் பார்த்துத் தொழில் செய்யத் தெரியாதவர்கள். கடன் கேட்டவர்களுக்கெல்லாம் மாவு கொடுத்து, கடைசியில் 1854-இல் ஆலையை இழந்தார்கள். அடுத்த ஆண்டு, 1855-இல், லூர்து நகரில் காலரா பரவியது. பெர்னதெத்துக்கும் தொற்றியது. உயிர் பிழைத்தார். ஆனால் அதன் பிறகு ஆஸ்துமா அவரை விட்டு விலகவே இல்லை.

வாடகை கொடுக்க முடியாத குடும்பம் 1857-இல் ஒரே ஓர் அறைக்குக் குடிபெயர்ந்தது. அது ஒரு காலத்தில் ஊர்ச் சிறையாக இருந்த இடம். கைதிகளை வைக்கவே தகுதியற்றது என்று கைவிடப்பட்ட அறை. நான்கு மீட்டருக்குச் சற்று அதிக நீளம், நான்கு மீட்டருக்கும் குறைந்த அகலம். அதில் தாய் தந்தையும் நான்கு பிள்ளைகளும் சேர்த்து ஆறு பேர். ஈரம் கசியும் சுவர், வெளிச்சம் எட்டாத சன்னல், அதற்கு வெளியே சாணக் குவியல் கிடந்த முற்றம், உள்ளே அடுப்புப் புகை. இழுப்பு நோய் உள்ள பிள்ளைக்கு இதைவிட மோசமான வீடு அமைந்திருக்க முடியாது. நள்ளிரவில் மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்த தாய்மார்கள் நம் பங்குகளிலும் உண்டு. லூயிஸ் அம்மாவின் இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அந்தப் பகுதியில் ஏழைகளின் அன்றாட உணவு மக்காச்சோளக் கூழும் மக்காச்சோள ரொட்டியும். அது பெர்னதெத்தின் வயிற்றுக்கு ஆகவில்லை, செரிக்காது. எனவே தாய் எப்படியோ காசு சேர்த்து அவருக்கு மட்டும் கோதுமை ரொட்டி வாங்குவார். பசியோடிருந்த தங்கையும் தம்பிகளும் சும்மா இருப்பார்களா? தாய் அந்தப் பக்கம் திரும்பியதும் பிடுங்கித் தின்றுவிடுவார்கள். பெர்னதெத் காட்டிக் கொடுக்கமாட்டார். ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்றால் அதில் எவ்வளவு சங்கடம் இருக்கிறது! சமைப்பவருக்கும் வருத்தம், சாப்பிடுபவருக்கும் கூச்சம். நோயாளியின் தட்டைப் பார்த்து முணுமுணுக்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நோயும் வறுமையும் அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து தள்ளி வைத்தன. பதினான்கு வயதில் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஊர்ப் பேச்சுமொழி தெரியும், பிரெஞ்சு தெரியாது. மறைக்கல்வியும் மனத்தில் ஏறவில்லை. புதுநன்மைகூட வாங்கியிருக்கவில்லை.

1858, பிப்ரவரி 11. வீட்டில் விறகு இல்லை. தங்கை துவானெத்தும் தோழி ஒருத்தியும் விறகு பொறுக்கப் புறப்பட்டார்கள். குளிர் ஆகாது என்று தாய் பெர்னதெத்தை அனுப்பத் தயங்கினார். கெஞ்சிய பிறகு, காலுறை அணிந்துகொண்டு போகும்படி சொல்லி அனுமதித்தார். மசபியேல் பாறைக்கு எதிரே ஆலைக்கால்வாயைக் கடக்க வேண்டும். மற்ற இருவரும் தண்ணீரில் இறங்கி அக்கரை சேர்ந்தார்கள். தண்ணீர் பனிக்கட்டிபோல் இருக்கிறது என்று கத்தினார்கள். பெர்னதெத் இக்கரையில் தனியே நின்றார். குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்தால் அன்று இரவு இழுப்பு வந்துவிடும் என்ற பயம். வேறு வழியில்லாமல் காலுறையைக் கழற்றத் தொடங்கியபோதுதான் காற்றுபோல ஓர் ஓசை கேட்டது, நிமிர்ந்து பார்த்தார். பாறைக் குகையில் ஒளியின் நடுவே ஒரு பெண்மணி தெரிந்தார். மற்றவர்களோடு ஓட முடியாத பிள்ளை பின்தங்கி நின்ற இடத்தில்தான் இது நடந்தது. இந்தச் சிறு விவரத்தை நாம் வேகமாகப் படித்துக் கடந்துவிடுகிறோம்.

காட்சிகள் மொத்தம் 18. கடைசிக் காட்சி அதே ஆண்டு ஜூலை 16. இடையில் பிப்ரவரி 25ஆம் நாள், சேற்றைத் தோண்டி அதில் கசிந்த கலங்கல் நீரை மூன்று முறை கொட்டிவிட்டு நான்காம் முறை குடித்தார். அங்கிருந்த புல்லையும் தின்றார். சுற்றி நின்றவர்கள் பைத்தியம் என்றார்கள். சாதாரணக் கூழே செரிக்காத வயிறு அது என்பதையும் நாம் சேர்த்து நினைக்க வேண்டும். அந்தச் சேறு தெளிந்து ஊற்றாகி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த ஊற்று அவருடைய ஆஸ்துமாவைக் குணப்படுத்தியதா? இல்லை. 1862 ஏப்ரலில் நிமோனியா வந்து, நோயில் பூசுதல் கொடுக்கும் அளவுக்கு மோசமானபோது, கெபித் தண்ணீரைச் சிறிது குடித்ததும் நெஞ்சின் பாரம் இறங்கியதாக அவரே சொன்னார். அந்த முறை பிழைத்தார். ஆனால் பழைய இழுப்பு அப்படியே இருந்தது. பின்னாளில், நீங்கள் ஏன் லூர்துக்குப் போய்க் குணம் பெறக்கூடாது என்று கேட்டவர்களிடம், அந்த ஊற்று தமக்காக ஏற்பட்டது இல்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். அதில் மனக்கசப்பு எதுவும் தெரியவில்லை. எத்தனையோ நவநாள் செய்தும், எத்தனையோ திருத்தலம் போயும் குணமாகாத நோயாளிகளிடம், உங்களுக்கு விசுவாசம் போதாது என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்பவர்கள் பெர்னதெத்திடம் என்ன சொல்வார்கள்?

1866 ஜூலை மாதம் லூர்தை விட்டு, நெவேர் நகரிலுள்ள அருட்சகோதரிகளின் தலைமை மடத்துக்கு வந்தார். அதன்பின் அவர் தம் ஊரையும் கெபியையும் பார்க்கவே இல்லை. வந்த மூன்று மாதத்தில் நிலைமை முற்றியது. இரத்தம் கக்கினார். அன்றிரவைத் தாண்டமாட்டார் என்று மருத்துவர் சொல்ல, அக்டோபர் 25ஆம் நாள் ஆயர் நேரில் வந்து சாவுப்படுக்கையிலேயே வார்த்தைப்பாட்டை ஏற்றுக்கொண்டார். வார்த்தைப்பாட்டின் சொற்களை உச்சரிக்கக்கூட பெர்னதெத்துக்கு மூச்சு இல்லை. ஆயரே அவருக்காகச் சொன்னார். ஆனால் அவர் சாகவில்லை! மடத்துத் தலைவிக்கு இது சற்றுச் சங்கடமாகவே இருந்தது என்பார்கள். பிழைத்து எழுந்தவர் மீண்டும் நவதுறவியருடன் பயிற்சிக்குத் திரும்பினார். 1867 அக்டோபர் 30-இல் மற்றவர்களோடு சேர்ந்து முறைப்படி வார்த்தைப்பாடு கொடுத்தபோது, எல்லாருக்கும் வெவ்வேறு இல்லங்களில் பணி அறிவிக்கப்பட்டது. இவர் எதற்கும் பயன்படமாட்டார் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லப்பட்டு, தலைமை மடத்திலேயே வைத்துக்கொள்ளப்பட்டார். கொடுக்கப்பட்ட வேலை, மடத்தின் நோயாளர் பகுதியில் உதவி செய்வது.

அங்கேதான் நமக்கு வேறொரு பெர்னதெத் தெரிகிறார். நாலரை அடி உயரம், எப்போது மூச்சு அடைக்கும் என்று தெரியாத உடம்பு. அதை வைத்துக்கொண்டு மற்ற நோயாளிகளைத் தூக்கினார், துடைத்தார், இரவில் விழித்திருந்தார். பள்ளிக்கூடம் சரியாகப் போகாதவர் மருந்து அளவுகளைத் தம் நோட்டில் எழுதி வைத்துக் கற்றுக்கொண்டார். 1872-இல் பாரிஸ் நகர மருத்துவர் ஒருவர், லூர்துக் காட்சியைக் கண்ட பெண் மனநிலை பிறழ்ந்து ஒரு மடத்தில் அடைக்கப்பட்டிருக்கிறாள் என்று பேசினார். நெவேர் மடத்தின் மருத்துவரான சேன்-சீர் அதற்குக் கடிதம் மூலம் பதில் சொன்னார்: இவர் அமைதியான குணமுள்ளவர், நோயாளர் பகுதியில் தம் பணியைக் குறையின்றிச் செய்கிறவர் என்று. தினமும் கூட வேலை செய்து பார்த்த மருத்துவரின் சான்றிதழ் அது.

தமக்கு வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ள அவர் வெட்கப்படவும் இல்லை. ஆஸ்துமாவுக்கு அந்தக் காலத்து மருத்துவர்கள் மூக்குப்பொடி எழுதிக் கொடுப்பது உண்டு. இன்று எந்த மருத்துவரும் அதைச் சொல்லமாட்டார்; புகையிலை எந்த உருவத்திலும் நுரையீரல் நோயாளிக்கு ஆகாது. ஆனால் அன்று பெர்னதெத்தின் பையில் பொடி டப்பா எப்போதும் இருந்தது. சிறுமியாக இருந்தபோது வகுப்புத் தோழிகளுக்கும் கொஞ்சம் கொடுத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் தும்மி வகுப்பே கலைந்துபோன கதையும் உண்டு. பிற்காலத்தில் அவரைப் புனிதராக உயர்த்தும் விசாரணையில் இந்த மூக்குப்பொடி ஒரு கேள்வியாகவே எழுப்பப்பட்டது. மருத்துவர் கொடுத்த மருந்து என்பதே பதில்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பங்குக் கோவில்களில் இன்ஹேலரைக் கைக்குட்டைக்குள் மறைத்து இழுப்பவர்களைப் பார்க்கிறோம். பூசையில் இருமல் வந்துவிடுமோ என்று வெளித்திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. நாள்பட்ட ஆஸ்துமா உள்ளவர்கள் பலருக்கு நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் சேர்ந்தே வருகின்றன. வயிற்றின் புளிப்பு மேலே ஏறி மூச்சுக்குழாயை உறுத்தினால் இருமல் கூடும். இடைவிடாத இருமல் வயிற்றை அழுத்தி அந்தப் புளிப்பை மேலும் ஏற்றும். சில மருந்துகளும் வயிற்றைத் தொந்தரவு செய்யும். அதனால்தான் மருத்துவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடவும், சாப்பிட்டவுடன் படுக்காமல் இருக்கவும், தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவும் சொல்கிறார்கள். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் நோன்பிருக்க வேண்டும் என்ற விதிகூட முதியோரையும் நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் கட்டுப்படுத்தாது என்று 1983-ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டம் (எண் 919) தெளிவாகச் சொல்கிறது. மாத்திரையோடு இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டதற்காக நன்மை வாங்காமல் திரும்பும் பாட்டிமார்களுக்கு யாராவது இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

1874-இல் அவரைத் திருப்பொருள் அறைக்கு உதவியாளராக மாற்றினார்கள். 1875-க்குப் பிறகு பெரும்பாலும் படுக்கைதான். வெள்ளைத் திரை போட்ட அந்தக் கட்டிலைத் தம் வெள்ளைச் சிற்றாலயம் என்று அழைத்தார். இப்போது என்ன வேலை என்று கேட்டவர்களிடம், நோயாளியாக இருப்பதுதான் என் வேலை என்ற பொருளில் பதில் சொன்னார். அந்த ஆண்டுகளில் மடத்தின் ஆன்ம குருவாக இருந்தவர் எழுதி வைத்த நோய்ப் பட்டியல் நீண்டது: தீராத ஆஸ்துமா, நெஞ்சு வலி, இரத்தம் கக்குதல், வயிற்று வலி, முழங்காலில் கட்டி, எலும்பு அரிப்பு, காதில் சீழ்.

1877-இல் புதுச்சேரிக்கு அருகே வில்லியனூரில் நம் முன்னோர்கள் லூர்து அன்னைக்கு ஆலயம் எழுப்பினார்கள். அப்போது பெர்னதெத் உயிரோடு இருந்தார். நெவேரில் அந்தத் திரைக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்தார். இங்கே பிரகாசமாகக் கொண்டாட்டம், அங்கே இருட்டில் ஒரு நோயாளி. அவருக்கு இது முரணாகத் தோன்றியிருக்காது. வீடு பெருக்கி முடித்ததும் விளக்குமாற்றைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள், மாதாவும் தம்மை அப்படித்தான் பயன்படுத்தினார் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அவர் எப்போதும் சிரித்த முகத்தோடு இருந்தார் என்று நாம் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. கோபம் வரும், பிடிவாதம் உண்டு, அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இரவில் வலி தாங்காமல் முனகுவார். ஆனால் கை சும்மா இருக்காது. மூச்சு சற்றுச் சீரான நாள்களில் படுக்கையிலேயே திருப்பலி உடைக்கு அழகாகப் பூவேலை செய்தார். சாயம் தோய்த்த ஈஸ்டர் முட்டைகளில் சாயத்தைச் சுரண்டி ஓவியம் வரைந்தார். தூக்கம் வராத இரவுகளுக்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. கட்டில் திரையில் ஒரு படம் குத்தி வைத்திருந்தார். உலகின் எந்தெந்தப் பகுதியில் எந்த நேரத்தில் திருப்பலி நடக்கும் என்று காட்டும் கடிகாரப் படம். நெவேரில் நள்ளிரவாக இருந்தாலும் எங்கோ ஓர் ஊரில் காலைப் பூசை நடக்கும். அந்தப் பூசையோடு மனத்தால் சேர்ந்துகொள்வார். அந்தப் படத்திலிருந்த பீடச் சிறுவன் மட்டும் மணியை அடிக்கவே மாட்டேன் என்கிறானே, பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது என்று வேடிக்கையும் செய்தார்.

1878, செப்டம்பர் 22-இல் நிரந்தர வார்த்தைப்பாடு கொடுத்தார். குளிர்காலம் வந்ததும் மீண்டும் படுத்தார். இறுதி நாள்களில் திரையில் குத்தியிருந்த புனிதர் படங்களையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார். பாடுபட்ட சிலுவை மட்டும் போதும் என்றார். கையில் பிடிக்க வலுவில்லாதபோது அதை மார்போடு சேர்த்துக் கட்டி வைத்தார்கள்.

1879, ஏப்ரல் 16, பாஸ்கா வாரத்தின் புதன்கிழமை. படுத்தால் மூச்சு அடைத்தது. எனவே முற்பகலில் அவரைத் தூக்கி ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சகோதரிகள் சுற்றி நின்று செபித்தார்கள். சிலுவை அடையாளம் வரைந்து, கொடுத்த தண்ணீரில் சில துளிகள் பருகி, பிற்பகல் மூன்று மணிக்குச் சற்றுப் பிறகு தலை சாய்த்தார். வயது 35. திருத்தந்தை 11ஆம் பயஸ் 1933, டிசம்பர் 8ஆம் நாள், அமல உற்பவ அன்னையின் திருவிழாவன்று, அவரைப் புனிதராக அறிவித்தார். மூச்சு வாங்குவதற்காக அவர் சாய்ந்திருந்த அந்த நாற்காலியை நெவேர் மடத்துக்குப் போகும் திருப்பயணிகள் பார்க்கலாம்.