பழையாற்றுக் கற்களைப் படித்த பேராசிரியர்

மனோன்மணீயம் என்னும் நாடக நூலை 1891-இல் வெளியிட்ட பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையவர்களைத் தமிழர் யாவரும் அறிவர். ஆயினும், நம் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த அப்பெருமகனார் செய்த மற்றோர் அரும்பணியை நம்மிற் பலர் அறியோம். அதனை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

1855-இல் ஆலப்புழையிற் பிறந்த இவர், மகாராசர் கல்லூரியிற் பயின்று, பின்னர் அங்கேயே தத்துவப் பேராசிரியராக விளங்கினார். வேணாட்டு மன்னர் வரலாறு அந்நாளிற் பெரிதும் செவிவழிக் கதைகளையே சார்ந்திருந்தது. கோயிற் கற்களில் பொறித்த எழுத்துகளோ படிப்பாரற்றுக் கிடந்தன. பேராசிரியர் அவற்றைத் தேடிச் சென்றார்.

அக்காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. பழையாறு பாயும் அந்நெல்வயற் பூமியில் குளந்தோறும் ஓர் ஊரும் ஊர்தோறும் ஒரு கோயிலும் அமைந்திருந்தன. ஆற்றங்கரையிலுள்ள ஒழுகினசேரிச் சோழீச்சரத்தில், கொல்லம் 301-ஆம் ஆண்டைச் (கி.பி. 1125-26) சேர்ந்த கல்வெட்டை அவர் ஆராய்ந்தார். அடுத்துள்ள வடசேரியின் நெல்வரியும் காசுவரியும் அக்கோயிலுக்கு அளிக்கப்பட்ட செய்தியை அது கூறுகிறது. இன்றும் நாகர்கோவிலில் வடசேரி அப்பெயராலேயே வழங்குகிறது. மன்னர்களின் காலத்தை நிறுவப் புறப்பட்ட அறிஞருக்குக் குடிகளின் வாழ்வும் புலனாயிற்று.

ஆற்றுக்கு மேற்கே மணலிக்கரையில் 1235-ஆம் ஆண்டுச் சாசனமொன்றையும் ஆராய்ந்தார். வேணாட்டுத் தலைவர்களும், கோதைநல்லூர்ச் சபையாரும், ஊராரும், வரி தண்டும் உரிமையுடையோரும் ஒருங்கு கூடிக் கலந்து வரியை முடிவு செய்தனர் என்பதை அது காட்டிற்று. குடிகளின் சொல்லுக்கு அன்றே மதிப்பிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வாராய்ச்சிகளை 1894-இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். திருவிதாங்கூரில் தொல்பொருள் துறை ஏற்படவும் இவரே பெருங்காரணமாயிருந்தார். ஆனால் 1897-இல், நாற்பத்திரண்டாம் வயதிலேயே காலன் அவரைக் கவர்ந்தான். அவர் விட்ட பணியைப் பின்னர் கோபிநாத ராவ் முதலியோர் தொடர்ந்தனர்.

1956-இல் நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்தது. எல்லை மாறினும் கல்லெழுத்து மாறவில்லை. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நாம், நம் கோயிற் சுவரின் எழுத்துகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோமாக. திருப்பணியின் பெயரால் அவற்றின்மேற் சுண்ணாம்பு பூசப்படாமற் காப்போமாக. பேராசிரியர்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாம்.